அதட்டினால் பயம் போகுமா?

ஆசிரியருக்கு,

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தி கிளப்பிய பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. புதன்கிழமை ஊசி வரிசையில் ஒரு தாய், "போன தடவை ராத்திரி முழுக்கக் காய்ச்சல், தொடையில் கட்டி" என்று தயங்கினால், "படிச்சவங்கதானே நீங்க?" என்று அதட்டல்தான் விழுகிறது. எங்கள் ஊரில் மூத்த செவிலியர் ஒருவர் மட்டும், எந்தக் கால், எத்தனை நாள் வீங்கியிருந்தது என்று கேட்டுவிட்டு, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம், எடைக்கேற்ற பாரசிட்டமால் இவ்வளவு, கட்டியைத் தேய்க்காதீங்க, வலிப்பு வந்தாலோ குழந்தை விடாமல் அழுதாலோ உடனே தூக்கிட்டு வாங்க என்பார். பெரும்பாலும் ஊசி போட்டுக்கொண்டுதான் போவார்கள். இதற்கு நேரம் பிடிக்கும், சரி. கூடுதலாக ஓர் ஆளைப் போடுவது அரசின் வேலை.

- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்