கடைசி ரயிலில் வரச் சொன்னவன்

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

மங்கீஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் 'லாஸ்ட் ட்ரெயின் டு கிளார்க்ஸ்வில்' வெறும் துள்ளல் காதல் பாட்டு என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் நிதானமாகக் கேள். இரைச்சலான ரயில் நிலையத்திலிருந்து ஒருவன் காதலிக்கு ஃபோன் பேசுகிறான். கடைசி ரயிலில் கிளார்க்ஸ்வில்லுக்கு வா, உனக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், நாலரைக்குள் வந்துவிடலாம், இன்று ஒரு ராத்திரிதான், காலையில் நான் கிளம்பணும் என்கிறான். எங்கே என்று மட்டும் சொல்வதில்லை. திரும்பி வருவேனா தெரியவில்லை என்கிறான். 1966-இல் ஓர் அமெரிக்கப் பையன் இப்படிப் பேசினால் அவன் போகிற இடம் வியட்நாம் போர்க்களம்தான். அந்த ஒரே வருஷத்தில் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கப்பட்டவர்கள் 3,80,000-க்கும் மேல்.

பாட்டை எழுதியவர்கள் டாமி பாய்ஸ், பாபி ஹார்ட். பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டர்' முடிகிற இடத்தை ரேடியோவில் கேட்டபோது, கடைசி ரயிலைப் பற்றி ஏதோ பாடுவதாக ஹார்ட்டுக்குக் காதில் விழுந்ததாம். அப்படி ஒரு வரியே அதில் இல்லை என்று தெரிந்ததும் அதை வைத்துத் தாங்களே எழுதலாம் என்று முடிவு செய்தார். ஊர்ப்பெயர் அரிசோனாவின் கிளார்க்டேலிலிருந்து வந்தது. கிளார்க்ஸ்வில் என்றால் காதுக்கு இன்னும் நன்றாக இருக்கிறதே என்று மாற்றினார்கள். டென்னஸியில் நிஜமாகவே ஒரு கிளார்க்ஸ்வில் உண்டு. அதை ஒட்டித்தான் அமெரிக்க ராணுவத்தின் 101-ஆவது ஏர்போர்ன் டிவிஷனின் ஃபோர்ட் கேம்ப்பெல் முகாம். எழுதும்போது இவர்களுக்கு அது தெரியாது. கேட்டவர்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள்!

மங்கீஸ் குழு டிவி தொடருக்காகச் சேர்த்த குழு. அவர்கள் வாயில் போர் எதிர்ப்பை நேரடியாக வைக்க முடியாது என்று ஹார்ட்டே பின்னாளில் சொன்னார். அந்தக் கட்டுப்பாடு பாட்டுக்கு நல்லதே செய்தது என்பேன். கொடி பிடிக்கும் பாட்டுகள் அன்று ஏராளம். இவனோ பயத்தை மறைத்துக்கொண்டு டிக்கெட், நேரம், காப்பி என்று பேசிக்கொண்டே போகிறான். ஃபோனில் பையன்கள் அப்படித்தானே பேசுவார்கள்? ஆகஸ்டில் வந்த பாட்டு நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு இது உறைத்ததோ.

மங்கீஸின் பாடகர் மிக்கி டோலென்ஸ் பாடுகிற இடையில் 'நோ நோ நோ' வரும், கவனி. பீட்டில்ஸின் 'யே யே யே'க்குப் பதிலாக வேண்டுமென்றே வைத்தது அது. இதையும் கேட்டுவிட்டு, இன்னும் காதல் பாட்டுதான் என்றால் எழுது, சண்டை போடலாம்.

உன்
சீனு