உன் பெட்டியைத் திறந்துவிட்டேன்

தம்பி,

நலமா? இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வாட்ஸாப்பில் குரலாகவே அனுப்பியிருக்கலாம், ஆனால் பேச ஆரம்பித்தால் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டே நேரம் போய்விடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் அலமாரிக்கு மேலே டேப் ஒட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்துவிட்டேன். கோபப்படாதே. கரப்பான் மருந்து அடிக்க வந்தவன் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னான், இறக்கும்போது டேப் பிய்ந்துவிட்டது. உள்ளே உன் வோல்கா பீட்ஸ், அந்தச் சின்னத் தாளப்பெட்டி. 2014-இல், எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டிய வருஷத்தில், தீபாவளிக்கு உறையில் வைத்துக் கொடுத்த அங்பாவ் காசையெல்லாம் சேர்த்து வாங்கினாயே, அதுதான். ஆறு பேட்டரியும் உள்ளேயே கிடந்தன. மூன்று கசிந்து, கம்பிச் சுருளெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் பார்த்த கை சும்மா இருக்குமா? காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் தொட்டு அரை மணி நேரம் துடைத்தேன், பளிச்சென்று வந்துவிட்டது. புது பேட்டரி போட்டதும் லைட் எரிந்தது. நீ சேவ் பண்ணி வைத்திருந்த தாளம் ஓட ஆரம்பித்தது.

அதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் தூக்கம்தான். ராத்திரி ஷிஃப்ட் முடித்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து படுப்பேன், நீ பள்ளி விட்டு வந்து டும் டும் என்று ஆரம்பிப்பாய், நான் சுவரைத் தட்டுவேன். ஒரு நாள் எழுந்து வந்து அந்தப் பேட்டரிகளைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கே போய்விட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை எலக்ட்ரானிக் இசை வகுப்பு நடக்கிறது. பதின்மூன்று வயசிலிருந்து யார் வேண்டுமானாலும் வரலாம், கம்ப்யூட்டர் கிடையாது, கருவிகளைக் கையால் தொட்டுத்தான் பழக வேண்டும். எட்டு வாரம் போனேன். மொத்தம் பதினோரு பேர், நான்தான் மூத்தவள். சொல்லிக்கொடுப்பவன் ஒரு சீனப் பையன், உன் வயசுதான் இருக்கும், என்னை ஆன்ட்டி என்பான். என் பக்கத்தில் பதின்மூன்று வயசு மலாய்ப் பெண். அவள் எதையும் யோசிப்பதில்லை, கண்ணில் படும் பட்டனை அமுக்கிவிடுவாள். எதிரே ரிட்டயரான ஒரு வாத்தியார், முதல் மூன்று வாரம் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார், ஒரு குமிழைத் தொடவில்லை. நான் இரண்டுக்கும் நடுவில். ஒரு சத்தம் கோணலாக வந்தால் உடனே பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவேன், தரம் பார்த்தே பழகிய க்யூசி புத்தி.

முதல் நாள் சத்தத்தை உண்டாக்கும் ஒரே ஒரு ஆசிலேட்டர், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். ரம்பப்பல் மாதிரி ஓர் அலை, கேட்டால் கொசு மைக்கில் கத்துவதுபோல இருக்கும். அப்புறம் ஃபில்டர் குமிழைக் காட்டி, மெதுவாகத் திற என்றான். நன்றாக மூடியிருந்தால் சத்தம் ‘ஊ’ என்கிறது, திறக்கத் திறக்க ‘ஓ’, ‘ஆ’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் தேவாரம் பாடும்போது ஊகாரத்துக்கு உதடு குவித்து ஆகாரத்துக்கு வாய் திறக்கிறோமே, அதே வேலை. தொண்டையில் பிறக்கும் சத்தத்தில் எதை வடிகட்டி எதை விடுவது என்று வாய் முடிவு செய்கிறது, இங்கே அதைக் குமிழ் செய்கிறது. இத்தனை வருஷம் வாயில் ஒரு ஃபில்டரை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் என்வலப், ஒரு சத்தம் எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பது. அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நான்கு குமிழ், எழுவதற்கு, இறங்குவதற்கு, நிற்பதற்கு, அடங்குவதற்கு. அந்தப் பையன் போர்டில் மலை மாதிரிப் படம் போட்டான், யாருக்கும் புரியவில்லை, எனக்கும்தான். வீட்டுக்கு வந்து சாமி விளக்கேற்றி மணி அடிக்கும்போது புரிந்தது. மணி அடித்தவுடனே உச்சத்துக்குப் போகிறது, அப்புறம் நெடுநேரம் தேய்கிறது. தவில் அடியும் உடனே உச்சம், ஆனால் உடனே செத்துவிடும். நாதஸ்வரம் கொஞ்சம் தயங்கித்தான் எழும், மூச்சு இருக்கிறவரை நிற்கும், மூச்சு நின்றால் அடங்கும். அடுத்த வகுப்பில் ஒரே ஆசிலேட்டரை வைத்து மூன்றையும் செய்து காட்டினேன். நாதஸ்வரம் சுமார்தான், கார் ஹாரன் மாதிரி இருந்தது. மணி நிஜமாகவே நன்றாக வந்தது.

வயர் குத்தி இணைக்கும் மாடுலர் பெட்டி ஒன்றும் அங்கே இருக்கிறது. அதில் ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே போகிறது. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வோல்ட், ஏறக்குறைய 83 மில்லிவோல்ட். ஃபேக்டரியில் எனக்கு வோல்ட் என்றால் பாஸ், ஃபெயில் இரண்டுதான். அதைக் கையில் வைத்து ச-விலிருந்து மேல் ச-வுக்குப் போகலாம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு கதை, இதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம், பரவாயில்லை, நான் சொல்வதாகக் கேள். ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 தாள மிஷின் இருக்கிறதே, 1980-இல் வந்தது. அந்தக் கம்பெனியின் நிறுவனர் இக்குத்தாரோ காகேஹாஷி, தரம் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினாராம், அவற்றின் இரைச்சலில்தான் அந்தச் சலசலப்பு வருகிறது என்று. சிப் தயாரிப்பு முன்னேறி அந்த மாதிரிக் கழிசல் கிடைக்காமல் போனது 1983-இல் அந்த மிஷினை நிறுத்த ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் இருபத்தாறு வருஷம்? ரிஜெக்ட் தட்டில் போடும் வேலை. எங்களை மாதிரி ஆட்கள் ஒழுங்காக வேலை பார்த்ததால் ஒரு நல்ல மத்தளம் நின்றுபோயிருக்கிறது! வகுப்பில் இதைச் சொன்னதும் அந்த மலாய்ப் பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

சொல்லிக்கொடுக்கும் பையன் ஒரு நாள் ஒரு பழைய பதிவு போட்டான். பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங், 1982-இல் அந்த 808, டிபி-303, ஜூப்பிட்டர்-8 என்ற மூன்று ரோலண்ட் மிஷினையும் வைத்து இந்துஸ்தானி ராகங்களை வாசித்திருக்கிறார். அந்த 303, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்கள் கூட வைத்துப் பயிற்சி பண்ணுவதற்கென்று வந்த பெட்டி, விற்கவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பின்னால் சிகாகோவில் நடன இசை போடும் பையன்கள் பழையதை மலிவாக வாங்கித்தான் அதற்குப் புது வாழ்வு வந்தது. அதெல்லாம் நடப்பதற்கு முன்னே இவர் அதில் பைரவ் வாசிக்கிறார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, இது நம்ம மாயாமாளவகௌளை என்றேன். அந்த 303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குகிறதே, அது எனக்குப் புதுசாகப் படவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடியோடு போகும்போது உன் மாமா உறுமியில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பானே, அந்த ம்ம்ம்ம் தான்.

கடைசி வாரம் எல்லாருடைய கருவியும் ஒரே வேகத்தில் ஓட சிங்க் வயரால் சங்கிலி மாதிரி இணைத்தார்கள். முதல் மிஷின் நின்றால் எல்லாம் நிற்கும். எல்லாரும் தாளத்தின் ஒரு சுற்றுக்குப் பதினாறு கட்டம் ஓட்டுகிறார்கள். நான் உன் வோல்காவில் கடைசி இரண்டு கட்டத்தை அணைத்துப் பதினாலாக்கி, தகிட தகதிமி, தகிட தகதிமி என்று மிஸ்ர சாபு போட்டேன். முதல் சுற்றிலேயே எல்லாம் கோணிக்கொண்டது. வாத்தியார் என்னைப் பார்த்தார், தப்பு என்று கையைக் காட்டினார். பழைய நானாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன். விட்டுப் பிடித்தேன். அவர்களுக்கு ஏழு சுற்று, எனக்கு எட்டு, 112-ஆவது கட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே அடியில் வந்து விழுந்தோம். நாலு கட்டம் ஓர் அடி, நிமிஷத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் அதற்குப் பதினாலு வினாடிதான், ஆனால் அந்தப் பதினாலு வினாடி மூச்சு விடவில்லை. இரண்டாவது தடவை வாத்தியாரே விரல் விட்டு எண்ணினார்.

இப்போது உன்னிடம் கேட்பது. மெல்பர்னில் 2016-இல் தொடங்கிய எலக்ட்ரானிக் சவுண்ட் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறதாம், சுருக்கமாக மெஸ் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் சாப்பாட்டு மெஸ் என்று நினைத்தேன். இந்த மாதிரி மின்சாரத்தில் சத்தம் செய்யும் பழைய சிந்தசைசர்களைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், உறுப்பினர்கள் நேரம் எடுத்துப் போய் வாசிக்க விடுகிறார்களாம். நீ அந்த ஊரிலேயே இருக்கிறாய். போனில் கேட்டால் ஆபீஸ், அலுப்பு, அதெல்லாம் விட்டாச்சு அம்மா என்கிறாய். விட்டது நீயா, பேட்டரியைக் கழற்றிய நானா என்று எனக்குச் சந்தேகம். ஒரு சனிக்கிழமை போய்ப் பார். காசு வேண்டுமென்றால் கேள், எனக்கு ஈபிஎஃப் சேமிப்பு இருக்கிறது, அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

உன் வோல்காவை நீ வரும்வரை நான் வைத்துக்கொள்கிறேன். நீ போட்ட தாளம் முதல் நம்பரில் அப்படியே இருக்கிறது, அதைத் தொடவில்லை, என்னுடையதை இரண்டிலிருந்து சேவ் பண்ணியிருக்கிறேன். பேட்டரி மூடியை மட்டும் காணோம். ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கே வைத்தாய் என்று ஞாபகம் இருந்தால் எழுது.

அம்மா