தனுஷ்கோடியில் வழிகாட்டிய அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு காலை தனுஷ்கோடியில் பழைய ரயில் பாதையைப் படமெடுக்கக் கேமராவோடு அலைந்தேன். இடிந்த ஸ்டேஷன் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோர் படத்திலும் இருப்பவைதான். தண்டவாளம் எந்தப் பக்கம் போனது என்பதுதான் பிடிபடவில்லை.

வலை உதறிக்கொண்டிருந்த நீங்கள், "அங்க தேடாதீங்க தம்பி, இப்படி வாங்க" என்று கூட்டிப்போய் மணலைக் காலால் விலக்கினீர்கள். உள்ளே தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் கருங்கல் ஜல்லி! கடற்கரை மணலில் அது தானாக வராதே. அந்த ஜல்லியைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். 1914 முதல் போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கித்தான் இலங்கையிலுள்ள தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்த இடம் வந்ததும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நானும் கேமராவை இறக்கிவிட்டேன்.

அப்புறம் மணல் ஊற்றில் தண்ணீர் மொண்டு கொடுத்தீர்களே, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு இனிப்பு! பணம் நீட்டியதும் முறைத்தீர்கள். பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், மன்னிக்கணும் அண்ணே. ஜல்லிப் படங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன், அடுத்த முறை கொண்டுவருகிறேன்.