தட்டைமீனைக் கோணல் என்று சொல்லலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலடி மீன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் தட்டைமீனைக் ‘கோணல் முகச் சோம்பேறி’ என்று ஒரே வரியில் முடித்திருந்தது வருத்தமாக இருந்தது. கடலில் இவ்வளவு வியப்பாக வளரும் உயிர்கள் சொற்பம்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும். பக்கத்துக்கு ஒரு கண், நிமிர்ந்துதான் நீந்தும். பிறகு தைராய்டு ஹார்மோன் கூடும்போது ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலையுச்சியைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர்கிறது. மண்டையோடும் கூடவே முறுக்கிக்கொள்கிறது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து தரைக்கு இறங்கிவிடுகிறது. மேல்பக்கம் நிறமேறும், மணலில் படியும் பக்கம் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். வளர்ந்த மீனுக்கு, மிதக்க உதவும் காற்றுப் பையான நீச்சல் பையும் கிடையாது. தரையில் கிடப்பதற்கு அது எதற்கு?

இந்தக் கண் டார்வினையே பதில் சொல்ல வைத்திருக்கிறது. உயிர்கள் சிறுகச் சிறுக மாறி வந்தன என்றால், பாதி தூரம் நகர்ந்த கண்ணால் மீனுக்கு என்ன பயன் என்று 1871இல் அவரை விமர்சித்த உயிரியலாளர் மைவர்ட் கேட்டார். டார்வின் மறு ஆண்டே ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தன் நூலின் ஆறாம் பதிப்பில் அதற்கு விளக்கம் எழுதினார். ஆனால் கையில் பிடித்துக் காட்டும் சான்று 2008இல்தான் வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகள் பழைய ஆம்ஃபிஸ்டியம் என்ற மீனின் புதைபடிவங்களில், முழுதாக வளர்ந்த பின்னும் ஒரு கண் பாதி வழியில் நிற்பதைப் புதைபடிவ ஆய்வாளர் மேட் ஃப்ரீட்மன் காட்டினார். அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம், இன்று வாழும் தட்டைமீனான எருமை நாக்கு மீனைப் பாருங்கள். அதன் நகர்ந்த கண் இன்றும் தலையின் மேல்விளிம்பில்தான் இருக்கிறது. அது சில நேரம் நிமிர்ந்தும் நீந்தும். அரைகுறை என்று நாம் நினைக்கும் நிலையிலும் மீன் நன்றாகவே வாழ்கிறது.

சரி, சோம்பேறி என்றாவது சொல்லலாமா? நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், சதுரங்கக் கட்டம் போட்ட தரையில் விட்ட வெப்பக்கடல் தட்டைமீன்கள் 2 முதல் 8 விநாடிக்குள் தங்கள் தோலின் புள்ளிகளை மாற்றிக்கொண்டன. அசையாமல் கிடக்கும்போதும் கண் தரையை அளக்கிறது, தோல் அதற்கேற்ப மாறுகிறது. இரை பக்கத்தில் வந்தால் பாய்ச்சலில் பிடித்துவிடும்.

அடுத்த முறை இந்த மீனைப் பற்றி எழுதினால் குஞ்சுப் பருவத்துப் படங்களையும் வரிசையாகப் போடுங்கள். கண் நகர்வதைச் சிறுவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி