அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டு எதற்கு?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து எல்லோருக்கும் சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல். இங்கே நலம். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போகாது என்றாய். கணினியை நோண்டவே நேரம் போதவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோப்புகளைப் பூட்டும் அந்த மென்பொருள், தன்னை அன்இன்ஸ்டால் செய்யவும் பாஸ்வேர்டு கேட்கிறது, அதனால் பத்திரம்தானே என்கிறாய். எனக்கு அங்கேதான் சந்தேகம். உண்மையிலேயே என்கிரிப்ட் ஆன கோப்பு, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்ட கோப்பு, மென்பொருள் போனாலும் பூட்டியேதான் கிடக்கும். நீக்கியதும் கோப்புகள் தெரிந்துவிடும் என்றால் அது அவற்றை ஒளித்து மட்டும் வைத்திருக்கிறது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ, விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினாலோ அந்த மென்பொருள் இயங்கவே போவதில்லை. அப்புறம் பாஸ்வேர்டு கேட்பது யார்?

கோப்புகளை உண்மையாகவே என்கிரிப்ட் செய்யும் வெராகிரிப்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொள். நீக்குவதற்குக் கணினியின் அட்மின் உரிமை போதும். நீக்கிய பிறகும் கண்டெய்னர் கோப்பு (நம் கோப்புகளையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டும் பெட்டி மாதிரி ஒரே கோப்பு) அர்த்தமில்லாத பைட்டுகளாகவே இருக்கும்; மறுபடி நிறுவிப் பாஸ்வேர்டு கொடுத்தால் திறக்கும். (விண்டோஸ் இருக்கும் டிரைவையே என்கிரிப்ட் செய்திருந்தால் மட்டும், முதலில் டிகிரிப்ட் செய்து, அதாவது பழைய வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் நீக்க வேண்டும்.) சாதாரண கண்டெய்னரில் ஷா-512 என்ற கணக்கு முறைக்குப் பாஸ்வேர்டை 5,00,000 சுற்று அரைத்துத்தான், கோப்பைத் திறக்கும் சாவியை எடுக்கிறது. 2014 மே மாதம் கைவிடப்பட்ட அதன் முன்னோடி ட்ரூகிரிப்ட்டில் இது 1,000 அல்லது 2,000 சுற்றுதான். ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பவனுக்கு இது பெரிய இழுபறி. ஆனால் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைப்பவரை எத்தனை சுற்றும் காப்பாற்றாது. நீ அந்த ரகம் என்று எனக்குத் தெரியும்!

அன்இன்ஸ்டால் பூட்டே வீண் என்று சொல்லவில்லை. ஆன்டிவைரஸிலும், பிள்ளைகளின் இணைய நேரத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளிலும் அது தேவைதான். அங்கே மென்பொருள்தான் காவல்காரன்.

இன்னொன்று, என்கிரிப்ஷன் கோப்பைப் படிக்க விடாது, அழிப்பதைத் தடுக்காது. யார் வேண்டுமானாலும் கண்டெய்னரை டெலீட் செய்யலாம். அதன் ஹெடர், அதாவது திறப்பதற்கான விவரம் இருக்கும் தொடக்கப் பகுதி, கெட்டுப்போனால் சரியான பாஸ்வேர்டு இருந்தும் திறக்காது. ஆகவே கண்டெய்னருக்கு ஒரு நகல், ஹெடருக்கு ஒரு பேக்கப், இரண்டும் வெளியே ஒரு டிரைவில் இருக்கட்டும். விண்டோஸிலேயே வரும் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரைப் பயன்படுத்தினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அச்செடுத்து வை. அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்காதே.

இப்போதைக்கு, போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கோப்பை உன் மென்பொருளில் பூட்டு. அந்த டிரைவை வேறு கணினியில் மாட்டிப் பார். கோப்பு திறந்தால் எனக்கு உடனே எழுது, மாற்று வழி பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்