மணலடித்த வயலை வண்டல் வயல் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு,

வெள்ளம் வடிந்ததும் 'வண்டல் படிந்தது, நிலம் வளம் பெறும்' என்று செய்தி வந்துவிடுகிறது. வண்டல் படிந்த வயல் வேறு, மணலடித்த வயல் வேறு. தண்ணீர் கரைமேல் வழிந்ததா, கரையை உடைத்துக்கொண்டு வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் வாட்டம் என்றாலும் ஆறு மணலை இழுத்துப் போகும். அடிமண்ணை இழுக்கும் விசை வாட்டத்தை மட்டுமல்ல, ஆழத்தையும் பொறுத்தது. ஆற்றில் 5 மீட்டர் ஆழத்தில் ஓடிய நீர் வயலில் அரை மீட்டராகப் பரவினால், அதே வாட்டத்தில் விசை பத்தில் ஒன்றாகிவிடும். அதிலும் பெரும்பங்கைப் பயிரும் வரப்பும் தடுத்துவிடும். நீர் தேங்கினால் 1 மில்லிமீட்டர் பருமணல் ஒரு மீட்டர் இறங்கப் பத்து விநாடி போதும். 0.1 மில்லிமீட்டர் பொடிமணலுக்குச் சுமார் இரண்டு நிமிடம், 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கோ சுமார் மூன்று மணி நேரம். அதனால்தான் மணல் கரைப்பக்கமே தங்கிவிட, வண்டல் தொலைவில் உள்ள பள்ளங்கள்வரை போகிறது.

பருமணல் ஆற்றின் தரையை ஒட்டியே உருண்டும் துள்ளியும் நகரும். கரைமேல் வழிவது மேல்நீர்; அதில் பெரும்பாலும் வண்டலும் பொடிமணலும்தான். உடைப்பு ஆழமாக வெட்டிக்கொண்டால் அடிநீரே வயலுக்குள் பாயும். உடைப்பின் வாய்ப்பக்கம் மடு பறித்து, அதற்கப்பால் மணலை விசிறிபோல் பரப்பும். வாய்ப்பக்கம் தடிப்பாகவும் போகப்போக மெல்லிசாகவும் இருக்கும்.

சேதக் கணக்கெடுப்பில் பரப்பளவோடு தடிப்பையும் பதிய வேண்டும். உடைப்பிலிருந்து வெளிநோக்கி 25 மீட்டருக்கு ஒரு குழி எடுத்து, மடங்கிக் கிடக்கும் பயிர்த்தாளும் பழைய மேல்மண்ணும் தெரியும்வரை தோண்டினால் போதும். மேலாக நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்வது பெருந்தவறு. வெள்ளம் வடியும்போது கடைசியாகப் படியும் களி, மணலின் மேல் ஏடாகக் காய்ந்து வெடித்திருக்கும். அடியில் முழங்கால் அளவு மணல் இருந்தாலும் வண்டல் வயலாகவே தோன்றும்.

ஐந்து சென்டிமீட்டர்வரை மணல் என்றால் வழக்கமான உழவிலேயே கலந்துவிடும். பதினைந்துவரை, தடிப்பைப்போல் இருமடங்கு ஆழத்துக்கு உழுது அடிமண்ணைக் கலக்கலாம். அதற்கு மேல் போனால் வழித்தெடுப்பதே நல்லது. விட்டால் நீரும் உரமும் வேருக்கு நிற்காமல் இறங்கிவிடும்.

அள்ளிய மணலையே உடைப்பில் கொட்டி அடைக்கவும் கூடாது. கசியும் நீர் மணலை உள்ளிருந்தே அரித்து, அடுத்த வெள்ளத்தில் அதே இடம் மறுபடி உடையும். களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆற்று மண் ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்