விதைப்பு முடிந்து வந்த விதைப் பணம்

வேளாண் மேம்பாட்டுத் திட்டங்களுக்கும் உழவர் பயிற்சிகளுக்கும் நிதி தரும் வெளிநாட்டு நன்கொடை நிறுவனங்களின் நிதிப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினான்கு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். உங்களில் மூன்று பேர் கொடுக்கும் பணம் என் கை வழியாகப் போகிறது. எந்த மூவர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கும்போது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் ‘இது நம்மைச் சொல்வது போலவும் இருக்கிறதே’ என்று நினைத்தால், அதுவும் தப்பில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். விதைக்கான பணம் ஆடி பிறக்கும் முன் எங்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். முழுத் தொகை வேண்டாம், வருஷச் சம்பளம் வேண்டாம், விதைப் பணம் மட்டும் போதும்.

எங்கள் பக்கத்து விவசாயம் உங்களுக்குத் தெரியாததில்லை. திட்ட அறிக்கையின் முதல் பத்தியிலேயே அதைத்தான் எழுதுகிறோம். கமுதி, கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்போம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதுதான் எங்களுக்கு மழை. விதை மழைக்கு முன்னால் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மழை வந்து வயல் சேறான பிறகு புழுதி விதைப்பு ஏது?

போன வருஷம் உங்களில் ஒருவரின் திட்டத்தில் நடந்ததைத் தேதி வாரியாகவே சொல்கிறேன். கணக்குக்காரிக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

மார்ச் 31-ல் திட்டத்தின் முதலாம் ஆண்டுக் கணக்கை முடித்தோம். ஏப்ரல் 30-ல் அறிக்கை அனுப்பினோம். நீங்கள் கொடுத்த படிவத்தில் தணிக்கை செய்த கணக்கு ஜூன் 28-ல் போனது. ஜூலை 9-ல் நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உடனே பதில் வந்தது, அவ்வளவு வேகமாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டுத் திறந்தேன். நீங்கள் விடுமுறையில் இருப்பதாகவும் ஆகஸ்ட் கடைசியில் திரும்புவதாகவும் தானாகப் போகும் பதில் அது. அவசரம் என்றால் தொடர்புகொள்ளச் சொல்லி இன்னொருவர் முகவரி இருந்தது. அவருக்கு எழுதினேன். அவரும் விடுமுறை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எங்கள் பழமொழி. நாங்கள் பட்டம் தேடுகிற மாதத்தில் நாங்கள் உங்களைத் தேடுகிறோம். விடுமுறை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, தாராளமாக எடுங்கள். போகும் முன் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

செப்டம்பர் 3-ல் பதினேழு கேள்விகள் வந்தன. அதில் ஒன்று, ஒரு பயிற்சியில் டீக்கு ஆளுக்கு 10 ரூபாயும் இன்னொன்றில் 12 ரூபாயும் ஏன் ஆனது என்பது. ஒரு கடை பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது, இன்னொரு கடைக்காரர் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் கொண்டுவந்து கொடுத்தார் என்று எழுதினேன். இரண்டே நாளில் எல்லாவற்றுக்கும் பதில் போய்விட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

இதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. 62 குடும்பங்கள் உழுது போட்டுவிட்டு எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் வருஷம் நாங்கள் கொடுத்த விதையை நம்பித்தான் பலர் வீட்டு நெல்லை எடுத்து வைக்கவில்லை. களப்பணியாளர் தம்பி ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து, “அக்கா, இனிமே நான் ஊருக்குள்ள வண்டிய விட முடியாது” என்று உட்கார்ந்துவிட்டார்.

கடைத்தெருவில் ஒரு விதைக்கடை. கடைக்கார அண்ணனுக்கு எங்களைப் பல வருஷமாகத் தெரியும். நானும் தம்பியும் போய்க் கேட்டோம். எதுவும் எழுதி வாங்காமல் 62 மூட்டை கொடுத்தார். மூட்டை 30 கிலோ, விலை 1,350 ரூபாய். மொத்தம் 83,700. செப்டம்பர் 22 தேதி போட்டு ஒழுங்கான பில், ஜிஎஸ்டி எண்ணோடு. மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டி வாடகை 3,200 ரூபாயை நான் என் கையிலிருந்து கொடுத்தேன். நாலே நாளில் ஊர் முழுக்க விதைப்பு முடிந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் மழை இறங்கியது. முளைத்துவிட்டது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியாததால் உங்களுக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு நவம்பர் 20-ல் நீங்கள் ஒப்புதல் கொடுத்தீர்கள். பணம் முதலில் டெல்லிக்கு வந்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை எதுவானாலும் புது டெல்லி சன்சத் மார்க்கில் இருக்கிற பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இறங்கித்தானே எங்களுக்கு வர வேண்டும்? எங்கள் ஊர்க் கணக்குக்கு வந்தபோது டிசம்பர் 12. வயலில் பயிர் பொதி கட்டி நின்றது.

சரி, தாமதமானாலும் வந்ததே என்று, கடைக்கார அண்ணனுக்குக் கொடுக்கும் முன் முறைப்படி உங்களைக் கேட்டேன். ஜனவரி 9-ல் பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். முதல் பத்தியில், பில் தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தியது, ஆகவே அந்தச் செலவை ஏற்க இயலாது என்று இருந்தது. இரண்டாவது பத்தியில், விதைத் தலைப்பில் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை, திட்டம் மந்தமாக நடப்பதற்குக் காரணம் எழுதி அனுப்பவும் என்று இருந்தது.

இரண்டு பத்தியையும் எழுதியது ஒரே ஆள். அனுப்பும் முன் ஒரு தடவை சேர்த்துப் படித்துப் பார்த்திருக்கலாம்.

அந்த 83,700 ரூபாய் இப்போது வங்கியில் கிடக்கிறது. கடன் கடையில் கிடக்கிறது. வங்கியும் கடையும் ஒரே தெருவில், நடுவில் 400 அடிகூட இருக்காது. வேறு திட்டப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது, அதற்கு நன்கொடை கொடுத்தவர் வேறு. உள்ளூர்ப் பணம் என்று பார்த்தால் எங்கள் பொதுக் கணக்கில் 11,000 ரூபாய்தான். பொங்கலுக்கு முன் நானும் தம்பியும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் சம்பளத்திலிருந்து ஆளுக்கு 8,000 போட்டு 24,000 கொடுத்தோம். மீதி 59,700. தினமும் பஸ் இறங்கி அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் அலுவலகம் போக வேண்டும். அண்ணன் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. “என்னம்மா, டெல்லியிலிருந்து கிளம்பிருச்சா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். டெல்லியிலிருந்து எப்போதோ கிளம்பி, இங்கே வந்தே விட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கிப் பின் தெரு வழியாக நடக்கிறேன்.

மொத்தக் கடனையும் உங்கள் நாணயத்தில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் யூரோ வராது.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் வந்த பணத்தை மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தவணையில் கழிப்பீர்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் போட்ட பயிற்சிகளை மூன்றரை மாதத்துக்குள் அடைத்தோம். திறன் வளர்ப்பு என்று எழுதியிருந்த எல்லாம் அறுவடை நேரத்தில் வந்து குவிந்தது. பிப்ரவரியில், ஊரே களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது, விதை நேர்த்திப் பயிற்சி நடத்தினோம். ஆமாம், விதைப்பதற்கு முன் செய்ய வேண்டியதை அறுத்த பிறகு சொல்லிக் கொடுத்தோம். முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி தலையில் தூசியோடு எழுந்து, “இப்ப நேர்த்தி பண்ணி எங்கிட்டுத் தாயி விதைக்கிறது, களத்துலயா?” என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அந்தப் பாட்டியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். 40 பேர், அதில் பெண்கள் 26, நிழற்படம் இணைப்பில். உங்கள் அறிக்கையில் அந்தக் கட்டம் பச்சையாக இருக்கும்.

அதே மாதம் எங்களுக்கும் ஒரு திறன் வளர்ப்புப் பயிற்சி வைத்தீர்கள். சென்னையில் நல்ல ஓட்டல், இரண்டு நாள், தலைப்பு: பணவரத்தைத் திட்டமிடுவது எப்படி. எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் செலவு வரும் என்று அட்டவணை போடச் சொன்னார்கள். செலவுப் பத்தியை நான் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். வரவுப் பத்தியை நிரப்ப வேண்டிய ஆள் மேடையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அந்தப் பில்லை யாராவது கேள்வி கேட்டார்களா என்பது என் வேலையில்லை.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கி வைத்தவர்களையும், ஒரே டிராக்டருக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியவர்களையும் எனக்கே தெரியும். தணிக்கை வேண்டாம் என்று எந்தக் கணக்காளரும் சொல்ல மாட்டார். இந்த நாட்டுச் சட்டமும் எங்களை இறுக்கித்தான் வைத்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை இருந்த வரம்பு 2020-ல் 20 சதவீதமாகக் குறைந்தது. கணக்கு எழுதுவதும் அறிக்கை எழுதுவதும் விதிப்படி நிர்வாகச் செலவுதான். அதாவது நானே ஒரு நிர்வாகச் செலவு. மூன்று நிறுவனங்களின் மூன்று விதப் படிவங்களை, மூன்று விதக் காலண்டரில், ஒரே ஆள் எழுதுவது அதனால்தான். அந்தச் சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. பணத்தை எந்த மாதம் அனுப்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

2005-ல் பாரிஸில் உதவி கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் கூடி ஒரு பிரகடனம் செய்தன. ஒப்புக்கொண்ட காலத்தில் பணத்தைக் கொடுப்பதையும் அதில் ஓர் அளவுகோலாக வைத்தார்கள். அது அரசாங்கங்கள் பேசிக்கொண்டது, எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்களில் பலருக்குப் பணம் அந்த அரசாங்கங்களிடமிருந்துதான் வருகிறது. அந்த அளவுகோலை விதைக் காலத்தில் ஒரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாதா?

எப்படிச் செய்யலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். விதை, நாற்று, உழவுக்கூலி மாதிரி பருவத்தோடு கட்டுப்பட்ட செலவை மட்டும் தனித் தலைப்பாகப் பிரித்து, ஏப்ரல் அறிக்கை வந்தவுடன் அனுப்பிவிடுங்கள். தணிக்கைக்காகக் காத்திருப்பதை மற்றத் தலைப்புகளோடு வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கையில் ஏதாவது பிசகு வந்தால் அடுத்த தவணையில் பிடித்துக்கொள்ளலாம். எப்படியும் பிடிக்கத்தானே செய்கிறீர்கள்? உங்கள் பக்கம் ஒப்புதல் தள்ளிப்போனால், அந்த ஆண்டின் ஏப்ரல் 1-லிருந்து வரும் பருவச் செலவு பில்கள் செல்லும் என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி போன வருஷம் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்டுக்கொள்வது: விதைப் பணம் ஆடிக்கு முன் வர வேண்டும். அதோடு, செப்டம்பர் 22 தேதியிட்ட அந்த 83,700 ரூபாய் பில்லைத் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். விதை வாங்கியது உண்மை, விதைத்தது உண்மை, விளைந்ததும் உண்மை. 62 பேரின் கையெழுத்தும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் உங்கள் தணிக்கையாளரையே அனுப்புங்கள், களத்தில் வைக்கோல் போர் இன்னும் இருக்கிறது. குட்டியானை வாடகை 3,200 ரூபாயை நான் கேட்கவில்லை. அதற்கு டிரைவர் பில் கொடுக்கவில்லை.

ஆடி 1 ஜூலை 17-ல் வருகிறது. உங்கள் அலுவலகங்களில் விடுமுறைப் பட்டியல் இப்போதே போட்டிருப்பீர்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் எந்தத் தேதியில் கிளம்புகிறார் என்று மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு வந்து சேரும்படி எல்லாக் காகிதத்தையும் நான் அனுப்பிவிடுகிறேன். கடைக்கார அண்ணன் இந்த வருஷமும் மூட்டை எடுத்து வைக்கட்டுமா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு நிர்வாகச் செலவு,
ராமநாதபுரம் மாவட்டம்